தடைக்காலத்தில் கணினியையும் கரையேற்றுங்கள்

இராமநாதபுரம் கடலோர வர்த்தகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்துப் பெரியவர்களுக்கும், அண்ணாச்சிமாருக்கும், கீழக்கரைக் காக்காமாருக்கும், சம்மாட்டிகளுக்கும் வணக்கம், ஸலாம்.

கொஞ்ச நாள் முன்னால் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கிய கல்லூரிப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் கொடுத்தோமே, அந்தக் கூட்டம்தான். பாதிப் பேர் எங்களை ஏதோ கம்பெனிக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்தீர்கள். மீதிப் பேர் நன்கொடை ரசீது எங்கே என்று கேட்டீர்கள். ஒரு சங்குக் கடை அண்ணாச்சி மட்டும் நோட்டீஸை முழுதாகப் படித்துவிட்டு, “இலவசம்னா, கெட்டுப்போனா யாரப் புடிக்கிறது?” என்றார். அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் வீட்டுக் கதை. அப்பா பாம்பனில் கருவாட்டு வியாபாரி. பேரேட்டில் பற்று வரவு எழுதிக்கொண்டிருந்தவரைக் கணினிக்கு மாற்றியது நான்தான், பதினோராம் வகுப்புப் படிக்கும்போது. ஒருவர் வந்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு விண்டோஸையும் கணக்கு மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்தார். இரண்டும் கள்ள நகல் என்று எங்களுக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்று இருந்துவிட்டோம். மூன்றாம் வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு காலையில் திறந்தால் எல்லாக் கோப்பும் பூட்டிக் கிடக்கிறது. பணம் கட்டினால் சாவி தருவோம் என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். ஏற்றிக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அவரால் என்ன செய்திருக்க முடியும்? யார் எவ்வளவு பாக்கி என்பது அப்பாவுக்கு ஓரளவு மனப்பாடம். தர வேண்டியவர்களுக்குத்தான் எப்படியோ மறதி வந்துவிட்டது.

நம் கடற்கரையின் பெயர் பேப்பரில் வந்தாலே பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை கடத்தல் என்றுதான் வருகிறது. நாலு பேர் செய்வதற்கு ஊருக்கே கெட்ட பேர் என்று சங்கக் கூட்டங்களில் கொதிக்கிறீர்கள். நியாயமான கொதிப்பு. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள்ளே ஓடுவதும் கள்ளச் சரக்குதான் என்பதை யாரும் பேசுவதில்லை. குத்திக்காட்ட இதை எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் அதுதான் ஓடியது.

இப்போது சங்குக் கடை அண்ணாச்சிக்குப் பதில். வல்லத்தில் பலகை விட்டுப்போனால் என்ன செய்வீர்கள்? கட்டிய ஓடாவியைத் தேடுவீர்கள். அவர் வெளியூர் போயிருந்தால் இன்னொருவரைக் கூப்பிடுவீர்கள். எந்தக் கட்டை, எந்த ஆணி, எங்கே சேர்மானம் என்பது கண்ணுக்கு முன்னால் இருப்பதால் தொழில் தெரிந்த யாரும் கைவைக்கலாம். கட்டற்ற மென்பொருளும் அப்படித்தான். அதன் மூலநிரல், அதாவது அதை எழுதிய கட்டளை வரிகள், எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமைகள் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே ‘இலவசம்’ என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டது எங்கள் தப்பு. மென்பொருளுக்கு விலை இல்லை. பழுது பார்ப்பவருக்குக் கூலி உண்டு. இன்றைக்கு நாங்கள் சும்மா செய்து தருகிறோம். நாளைக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளே அதைத் தொழிலாகச் செய்தால் கெட்டுப்போகும்போது பிடிப்பதற்கு ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்.

படிக்கிற பிள்ளைகளின் விளையாட்டு என்று தோன்றலாம். கணினியை இயக்க விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் கட்டற்ற மென்பொருள் லினக்ஸ். அதை 1991இல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கியில் 21 வயதுக் கல்லூரி மாணவர். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது அந்த லினக்ஸ்தான். மீன் ஏலத்துக்குப் போட்டோ அனுப்புவதும் ஜிபே வாங்குவதும் அதன் மேல்தான்.

அப்புறம், நம் ஊர்க்காரர். அப்துல் கலாம் படம் இல்லாத கடை இராமேஸ்வரத்தில் எத்தனை இருக்கிறது? அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது 2003 மே மாதம் புனேயில் ஒரு கல்வி நிறுவனத்தில் பேசுகையில், கோடிக்கணக்கான நம் மக்களுக்கு, மூலநிரல் திறந்திருக்கும் திறமூல மென்பொருள்தான் பெரிய அளவில் வர வேண்டும் என்றார். பில் கேட்ஸோடு பேசியபோது இந்த விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவர் காட்டிய காரணங்களில் ஒன்று பாதுகாப்பு: நிரல் திறந்திருந்தால் நமக்கு வேண்டிய பூட்டை நாமே போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பூட்டை வேறு எவனோ போட்டுவிட்டுப் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

எங்கள் தாத்தா தனுஷ்கோடியில் கருவாட்டுச் சிப்பம் கட்டியவர். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர் புயல் வரைக்கும் தனுஷ்கோடிதான் இலங்கைக்கு வாசல். ரயில், கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று சரக்கு போகும். தாத்தா ஒன்று சொல்வார்: நடுவில் கடலே இல்லாவிட்டாலும் நம் ரயில் பெட்டி அங்கே ஓடாது. இங்கே குறுகிய மீட்டர் கேஜ் தண்டவாளம், அங்கே அகலப்பாதை. கோப்புகளின் கதையும் இதுதான். ஒரு கம்பெனியின் மென்பொருளுக்கு மட்டும் புரியும் வடிவில் கணக்கை வைத்தால் அந்தத் தண்டவாளத்தை விட்டு அது இறங்காது. பழைய எழுத்துருவில் அடித்த விலைப் பட்டியலை வேறு கணினியில் திறந்து, வெறும் கிறுக்கலைப் பார்த்து முழித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் தெரியும் யூனிகோடு முறையைத் தமிழுக்குத் தமிழ்நாடு அரசே 2010இல் தரமாக அறிவித்த பிறகும் நம் பஜாரில் பழைய எழுத்துருதான். கடிதம், பட்டியல் அடிக்க உதவும் லிபர்ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருள் கோப்பைச் சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் 2006 முதல் உலகத் தரம். எந்த மென்பொருள் வேண்டுமானாலும் அதைப் படிக்கப் பழகிக்கொள்ளலாம்.

இனி, எங்கள் சறுக்கல். ஒரு பாசிமணிக் கடையில் ஆர்வக் கோளாறில் முழு லினக்ஸையும் ஏற்றிவிட்டோம். பில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. இரண்டு நாள், அதுவும் ஆடி அமாவாசைக் கூட்டத்தில், அந்த அக்கா கையால் பில் எழுதினார். மூன்றாம் நாள் சரிசெய்தோம். திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

அதிலிருந்து முறையை மாற்றிக்கொண்டோம். காசு கொடுத்து வாங்கிய கணக்கு மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா, அதைத் தொட மாட்டோம். ஆடிட்டர் குறிப்பிட்ட மென்பொருளில்தான் கணக்கு வேண்டும் என்கிறாரா, அப்படியே இருக்கட்டும். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்துக் கருவி செருகுபவர்களுக்கு லினக்ஸில் சில நேரம் தலைவலி வரும். அந்தக் கணினியையும் விட்டுவிடுவோம். முதலில் உங்கள் விண்டோஸிலேயே லிபர்ஆபீஸ், இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸ், வீடியோவுக்கு விஎல்சி. கணக்குக்குத் தனி ஹார்டுடிஸ்கில் ஒரு நகல். இதற்கே பாதி நோய் போய்விடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் எங்களிடம் காட்டுங்கள். லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் உழைக்கும்.

உங்களிடம் கேட்பது பணம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும், பழுது பார்ப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். மீன், கருவாடு, ஐஸ் வியாபாரமும் மந்தம். எங்களுக்கும் மே மாதம் விடுமுறை. அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டடத்தின் கூடத்தை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். மேசை, மின்சாரம், ஒரு மின்விசிறி போதும். கணினியைத் தூக்கி வர முடியாதவர்கள் விலாசம் எழுதிக் கொடுத்தால் கடைக்கே வருகிறோம், மதியம் கூட்டம் இல்லாத நேரமாக.

வரும்போது கணக்கின் நகலை ஒரு பென்டிரைவில் எடுத்து வாருங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் அதையும் அங்கேயே சொல்லித் தருகிறோம். ஓடாமல் பரணில் கிடக்கும் பில் பிரிண்டர் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கொண்டு வாருங்கள். நாங்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
பாம்பன் கருவாட்டு வியாபாரி ஒருவரின் மகள்,
கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு