சரிவு ஒரு குற்றமா?

கால்பந்து மைதானங்களுக்குத் தரம் குறிக்கும் சம்மேளனப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு சின்ன மைதானத்துக்குப் போயிருந்தேன். அங்கே போவது அது மூன்றாவது தடவை. மலைச்சரிவை வெட்டி உண்டாக்கிய மைதானம் அது. ஒரு கோலிலிருந்து எதிர் கோலுக்கு நடந்தால் இறங்குகிறோம் என்று முழங்காலே சொல்லும். ஒரு பக்கம் முழுக்கப் பாறை. கேலரி என்று தனியாக எதுவும் கிடையாது, அந்தப் பாறைதான் கேலரி. இந்தத் தடவை கேட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம். உறைக்குள் மழைத்தண்ணீர் இறங்கி மை பாதி கரைந்திருந்தது. கரையாமல் மிஞ்சிய வரி இதுதான்: தரநிலைக்குப் பொருந்தாததால் போட்டிகளுக்கு அனுமதி இல்லை.

கிளப்காரர்கள் ஆய்வு அறிக்கையை எடுத்துக் காட்டினார்கள். பொறுமையாக முழுவதும் படித்தேன். வெளியேறும் வழி, சரி. தடுப்புக் கம்பி, சரி. முதலுதவி அறை, சரி. பார்வையாளர் எண்ணிக்கை, சரி. ஆட்கள் உயிரோடு வந்து உயிரோடு திரும்புவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனைக்கும் உங்கள் ஆய்வாளரே ‘சரி’ போட்டிருக்கிறார். தவறு என்று குறித்தவை மூன்றே மூன்று. தரை சரிவாக இருக்கிறது. அகலம் சில மீட்டர் குறைகிறது. ஒரு பக்கத்தில் கேலரி இல்லை, பாறை இருக்கிறது.

அந்த அணி போன பருவத்தில் லீக்கை ஜெயித்து மேல் பிரிவுக்குப் போன அணி. ஜெயித்ததற்குக் கிடைத்த பலன், சொந்த ஊரில் ஆட முடியாமல் போனது. இப்போது பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய், வாடகை மைதானம் ஒன்றில் அவர்களுடைய ‘சொந்த மைதான’ ஆட்டங்களை ஆடுகிறார்கள்.

அந்தப் பாறையில் ஒரு பெரியவரை முதல் பயணத்திலேயே பார்த்திருந்தேன். நடுக்கோட்டுக்கு நேரே, கொஞ்சம் மேலே உட்கார்ந்திருப்பார். சின்னப் பையனாக அப்பாவோடு வந்து உட்கார்ந்த அதே இடம் என்று சொன்னார். சுற்றிலும் பாறை பாசி பிடித்துக் கிடக்க, அவர் உட்காரும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து இரண்டு கை அகலத்துக்குப் பளபளக்கும். தொட்டுப் பார்த்திருக்கிறேன், அம்மிக்கல் மாதிரி இருந்தது. இந்தத் தடவை அவரைக் கேட்டுக்கு வெளியே பார்த்தேன். முழங்கால் போய்விட்டது, பஸ் ஏறி இறங்க முடியவில்லை. ஆட்ட நேரத்துக்குச் சரியாக வந்து, பூட்டிய கேட்டின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருகிறார். பேரன் போனில் ஸ்கோர் சொல்கிறான். அவன் சொல்லும்போதெல்லாம் இவர் உள்ளே திரும்பி ஆளில்லாத தரையைப் பார்க்கிறார். நான் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் எத்தனை முறை திரும்பினார் என்று எண்ண முடியவில்லை.

ஐயா, அம்மா, என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பாதுகாப்பில் குறை இருந்தால் மைதானத்தை மூடுங்கள். வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக மூடாதீர்கள்.

பாதுகாப்பை நான் இலேசாகப் பேசவில்லை. 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் மைதானத்தில் பழைய மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் செத்தார்கள். நான்கு வருஷம் கழித்து அதே நாட்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் போனார்கள். அப்படி ஆபத்துள்ள ஒரு கேலரியை நாளைக்கே இடித்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் சரிவில் ஆடி யாரும் சாகவில்லை. இங்கிலாந்தில் யோவில் அணியின் பழைய ஹூயிஷ் மைதானம் ஒரு பக்கக்கோட்டிலிருந்து மறு பக்கக்கோட்டுக்கு எட்டு அடி சரிவு. 1949-ல் முதல் பிரிவு அணியான சண்டர்லேண்டை அந்தச் சரிவில்தான் சின்ன யோவில் 2-1 என்று எஃப்.ஏ. கோப்பைப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. இன்றைக்கும் அந்த ஆட்டத்தைச் சொல்கிறவர்கள் சரிவைச் சொல்லாமல் விடுவதில்லை. 1990-ல் கிளப் அங்கிருந்து கிளம்பியது, அந்த இடத்தில் சூப்பர்மார்க்கெட் வந்துவிட்டது.

உங்கள் விளையாட்டு விதிகளில் முதல் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 90 முதல் 120 மீட்டர், அகலம் 45 முதல் 90 மீட்டர். ஒரு மைதானம் இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு அகலமாக இருக்கலாம், இரண்டிலும் ஆடுவது கால்பந்துதான் என்று முன்னோர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் நிலம் மாறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு தரப் படிவங்கள் வந்தன, 105 மீட்டர் நீளத்துக்கு 68 மீட்டர் அகலம் என்ற ஒரே அளவு வந்தது. பெரிய போட்டிகளுக்கு ஒரே அளவு வேண்டும் என்பது நியாயம்தான். அதே அளவை இருநூறு பேர் பார்க்கும் ஆட்டத்துக்கும் இழுத்துக்கொண்டு வருவது செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற வேலை.

இருபது வருஷமாக இப்படிப்பட்ட மைதானங்களைத் தேடிப் போகிறவன் நான். ஸ்லோவாக்கியாவில் ச்சியர்னி பாலோக் என்ற ஊரில், கேலரிக்கும் பக்கக்கோட்டுக்கும் நடுவே குறுகிய ரயில் பாதை ஓடுகிறது. காட்டு மரம் ஏற்ற 1909-ல் ஓடத் தொடங்கிய ரயில் அது. 1982-ல் நிறுத்தினார்கள். தன்னார்வலர்கள் பாடுபட்டு மீட்டெடுத்து, 1992-ல் சுற்றுலா ரயிலாக மறுபடி ஓடவைத்தார்கள். நான் போன அன்று ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே விசில் கேட்டது. நீராவி எஞ்சின் மெதுவாக உருண்டு வந்தது. புகை கேலரி முழுக்கப் பரவி அரை நிமிஷம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டையில் கரி வாசம் அன்று ராத்திரி வரை போகவில்லை. ஆட்டம் நிற்கவில்லை. ரயிலிலிருந்து குழந்தைகள் கை காட்டினார்கள், நாங்களும் காட்டினோம்.

பரோயே தீவுகளில் எய்டி என்ற ஊரின் மைதானம் கடலை ஒட்டி இருந்தது. கொஞ்சம் பலமாக அடித்தால் பந்து தண்ணீருக்குப் போய்விடும். நான் போய்ச் சேர்ந்தபோது அது முகாம் திடலாகியிருந்தது. கோல் நின்றிருக்கும் என்று நான் நினைத்த இடத்தில் ஒரு கூடாரம். தாமதமாக வந்துவிட்டோமே என்று அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

தாமதமானது அது ஒன்று மட்டுமில்லை. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் செவர்ன் ஆற்றங்கரையில் இருந்த கே மெடோ மைதானத்தில், ஆற்றில் விழும் பந்தை எடுத்துவர ஒருவர் பரிசல் வைத்திருந்தார். பரிசல் கட்டுகிறவர் அவர். பந்து மதிலைத் தாண்டியதும் பரிசலை விட்டு, துடுப்புப் போட்டுப் போய்ப் பந்தோடு வருவார். 2007-ல் கிளப் ஊருக்கு வெளியே புது மைதானத்துக்குப் போனது. அங்கே ஆறும் இல்லை, பரிசலும் இல்லை.

விலக்குத் தர முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்களே தந்திருக்கிறீர்கள். 2007-ல் உலகச் சம்மேளனமான ஃபிஃபா, கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்றது. 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொலிவியாவின் லா பாஸ் நகரம் கொதித்தது. பிறகு எல்லையை 3,000 மீட்டராக்கினீர்கள், லா பாஸுக்கு மட்டும் தனி விலக்குக் கொடுத்தீர்கள், மறு வருஷம் தடையையே நிறுத்தி வைத்தீர்கள். ஒரு நாடே குரல் கொடுத்தபோது கேட்ட காது, ஒரு கிராமம் கூப்பிடும்போது ஏன் கேட்கவில்லை?

போர்ச்சுகலில் பிராகா மைதானத்தைப் பாருங்கள். பழைய கல்குவாரிக்குள் எடுவார்டோ சோட்டோ டி மோரா என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. இரண்டு நீளப் பக்கங்களில் மட்டும்தான் கேலரி. ஒரு கோலுக்குப் பின்னால் செங்குத்தான பாறை, வேறொன்றுமில்லை. 2004 ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்கள் அங்கே நடந்தன. அங்கே பாறை இருந்தால் கட்டடக்கலை, என் பெரியவர் உட்காரும் பாறை மட்டும் குறைபாடா? இந்த ஒரு கேள்விக்காவது பதில் தாருங்கள்.

இங்கிலாந்தின் லூட்டன் அணியின் கெனில்வொர்த் ரோடு மைதானத்தில் வெளியூர் ரசிகர்கள் வரிசை வீடுகளுக்குக் கீழே புகுந்து, பின்கட்டுகளுக்கு மேலே படியேறிக் கேலரிக்குப் போவார்கள். கொடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டே ஏறலாம். 2023-ல் அந்த அணி பிரீமியர் லீக்குக்கு வந்தது. விளக்கு, கேமரா, ஒரு கேலரி என்று தேவையானதை மட்டும் மாற்றிவிட்டு அங்கேயே ஆடியது. வேண்டும் என்று நினைத்தால் வழி கிடைக்கிறது.

புதிதாகக் கட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கிண்ணங்கள். ஊரை விட்டு ஒதுங்கி, நாலு பக்கமும் கார் நிறுத்துமிடம். உள்ளே உட்கார்ந்தால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே தெரியாது. பெயரும் விளம்பரதாரர் பெயர், ஒப்பந்தம் முடிந்ததும் அதுவும் மாறும். ஆட்ட நேரம் தொலைக்காட்சி சொல்கிறபடி, கடைசி ரயில் போன பிறகும் ஆட்டம் முடிவதில்லை. டிக்கெட் வாங்கி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வருகிற எங்களை யார் கேட்டார்கள்? எந்தக் கூட்டத்திலாவது ஒரு நாற்காலி எங்களுக்கென்று போட்டீர்களா?

மன்னிக்கவும். கோபம் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அது வேறு மடலுக்கான விஷயம்.

திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். உங்கள் ஆய்வுப் படிவத்தில் பாதுகாப்புக் குறையையும் மற்றக் குறைகளையும் தனித்தனியாகப் பிரியுங்கள். பாதுகாப்பில் தேறிய மைதானம் சரிவுக்காகவும், அகலத்துக்காகவும், பாறைக்காகவும், ரயிலுக்காகவும், கடலுக்காகவும் உரிமத்தை இழக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். மூடுவதற்கு முன் கிளப்பையும் அங்கே வழக்கமாக வருகிறவர்களையும் கூப்பிட்டு ஒரு தடவை கேளுங்கள். பாதுகாப்பில் குறை இருந்தால் மூடுங்கள். வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக மூடாதீர்கள்.

அந்தச் சின்ன மைதானம் எது என்று இங்கே சொல்லவில்லை, கிளப்காரர்கள் பயப்படுகிறார்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் சம்மதத்தோடு அறிக்கையின் நகலையும், நான் எடுத்த படங்களையும் அனுப்பி வைக்கிறேன். அடுத்த பருவத்துக்கான உரிமங்களில் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பதில் வந்தால் உதவியாக இருக்கும். பெரியவரின் பேரனிடம் எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மைதானம் மைதானமாகப் போய்வரும் ஒரு ரசிகன்