காலியாக இருக்கும் ராமைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பட எடிட்டிங் மென்பொருள் உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

பட எடிட்டிங் மென்பொருள்களை உருவாக்கிப் பராமரிக்கும் அனைவருக்கும்,

வணக்கம். ஃபோட்டோஷாப், கிம்ப், க்ரீட்டா என்று உங்கள் மென்பொருள்களில்தான் என் வேலை நாள் முழுக்க ஓடுகிறது. என்னைப் போல எத்தனையோ பேர். எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்கள் மென்பொருள் தனக்கு ஒதுக்கிய நினைவகம் தீர்ந்து, டிஸ்க்கில் எழுதத் தொடங்கும் அந்த நேரத்தில் கணினியில் ராம், அதாவது வேலை நேரத்துக்கான வேகமான நினைவகம், மிச்சம் இருந்தால், அதைத் திரையில் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது? 6000க்கு 4000 பிக்சல் உள்ள ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். ஜேபெக் கோப்பாக அது சில எம்பிதான் இருக்கும். திறந்தவுடன் சுருக்கமெல்லாம் அவிழ்ந்து, 2.4 கோடி பிக்சலுக்கும் மூன்று நிறங்கள், நிறத்துக்கு ஒரு பைட் என்று 72 எம்பி ஆகிவிடுகிறது. நிறத்துக்கு இரண்டு பைட்டாக, அதாவது 16 பிட்டுக்கு மாற்றினால் 144. லேயரில் (ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு) ஒளிபுகும் தன்மையும் சேர்ந்தால் 192. அப்படி முழு அளவில் பத்து லேயர் போட்டால் ஏறத்தாழ 2 ஜிபி. செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ இன்னும் கணக்குக்கே வரவில்லை.

அன்டூதான் பெரும்பாலானோர் யோசிக்காத இடம். ஃபோட்டோஷாப்பில் ஹிஸ்டரி, அதாவது பின்னால் திரும்பிப் போகக்கூடிய படிகள், 50 என்பது இயல்பாக வரும் அளவு. சின்ன பிரஷ் வைத்து ஒரு கோடு போட்டால் படத்தில் மாறிய சில கட்டங்களை மட்டும் சேமித்தால் போதும், பெரிய செலவில்லை. ஆனால் முழு லேயருக்கும் ஒரு ப்ளர் கொடுத்தால் எல்லாக் கட்டங்களும் மாறுகின்றன. அந்த லேயரின் பழைய நகல் முழுதாக ஒதுங்கி உட்கார்ந்துகொள்கிறது. நாலைந்து முறை ஃபில்டர் போட்டுப் பார்த்து, பிடிக்காமல் திரும்பி வந்து, மறுபடி போட்டால் ஒரு ஜிபி போனதே தெரியாது.

ஒதுக்கிய அளவு தீர்ந்ததும் மென்பொருள் டிஸ்க்குக்குப் போகிறது. ராமில் ஒரு தகவலைத் தொட சுமார் 100 நானோ நொடி ஆகிறதென்றால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லி நொடி வரை ஆகும். ஒரு லட்சம் மடங்கு! எஸ்எஸ்டி எவ்வளவோ மேல், ஆனாலும் ராமோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு பக்கம் வரும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது எப்படித் தெரிகிறது? பிரஷ்ஷை இழுத்தால் கோடு அரை நொடி பின்னால் வருகிறது. லேயரை மறைக்க அதன் கண் குறியை அணைத்தால் படம் கட்டம் கட்டமாக மாறுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, பக்கத்திலேயே மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறது மென்பொருள். ஏன் என்று திரையில் ஒரு வரிகூட இல்லை.

வரி வரும்போதோ காலம் கடந்துவிடுகிறது. "ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது, வேலையை முடிக்க முடியவில்லை" என்று ஃபோட்டோஷாப் சொல்வதைப் பார்க்காத வடிவமைப்பாளர் இருக்க மாட்டார். ஸ்க்ராட்ச் டிஸ்க் என்பது ராம் போதாதபோது மென்பொருள் எழுதும் டிஸ்க் இடம். அந்தச் செய்தியைப் படிப்பவர் என்ன செய்வார்? டிஸ்க்கில் இடம் இல்லை என்று நினைத்து, கிடைத்த கோப்புகளை எல்லாம் அழிக்கத் தொடங்குவார். டிஸ்க்கில் இடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு இடம் தேவைப்பட்டதற்கு ராம் ஒதுக்கீடு குறைவாக இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை. எனக்கு இதில் மிகவும் வருத்தம், ஏனென்றால் அழிந்துபோவது மனிதர்களின் பழைய வேலை.

இத்தனைக்கும் தகவல் உங்களிடம் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் கீழ்ப்பட்டையில் 'எஃபிஷியன்சி' என்று ஓர் எண் வரும். அது 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் டிஸ்க்கைப் பயன்படுத்துகிறது என்று பொருள். மிக நல்ல அளவுகோல். ஆனால் ஒரு சின்ன அம்புக்குறியை அழுத்தி, பட்டியலில் தேடித் தேர்ந்தெடுத்தால்தான் அது கண்ணில் படும். கிம்ப் 2.10இல் 'டாஷ்போர்ட்' என்ற பலகை வந்தது. கேஷ் (ராமில் இருப்பது) எவ்வளவு, ஸ்வாப் (டிஸ்க்குக்குப் போனது) எவ்வளவு என்று வரைபடமாகவே காட்டுகிறது. அதையும் நாமே தேடித் திறக்க வேண்டும். க்ரீட்டா ஒரு படி முன்னே போயிருக்கிறது. கீழ்ப்பட்டையில் நினைவக அளவைக் காட்டி, ஸ்வாப் தொடங்கிவிட்டால் செட்டிங்ஸில் கூடுதல் ராம் ஒதுக்கும்படி எச்சரிக்கை தருகிறது. நான் கேட்பது கிட்டத்தட்ட இதுதான். மவுஸை அதன் மேல் வைத்தால்தான் விவரம் தெரியும் என்ற குறையை மட்டும் நீக்கிவிடுங்கள்.

அப்புறம் செட்டிங்ஸின் பெயர்கள். கிம்பில் நினைவகத்தைக் கூட்ட வேண்டுமானால் ப்ரிஃபரன்ஸஸுக்குள் போய், சிஸ்டம் ரிசோர்சஸ் பக்கத்தில் 'டைல் கேஷ் சைஸ்' என்பதை மாற்ற வேண்டும். உள்ளே படம் சிறு சிறு ஓடுகளாகச் சேமிக்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். படத்தில் வேலை செய்பவர் அதை ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்? 'இந்த மென்பொருள் பயன்படுத்தக்கூடிய ராம்' என்று எழுதினால் போதும். தவிர, அங்கே ஓர் எண்ணை ஜிபியில் கொடுத்துவிட்டால், பிறகு கணினியில் ராமை இரண்டு மடங்காக்கினாலும் அந்த எண் அப்படியே நிற்கும். ராம் கூடியிருப்பதை மென்பொருளே கவனித்து ஒருமுறை கேட்கலாம் அல்லவா?

ராமை அதிகம் எடுக்கத் தயங்கும் பழைய பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதும் தெரியும். 32 பிட் காலத்தில் ஒரு மென்பொருளால் 4 ஜிபிக்கு மேல் முகவரியே போட முடியாது. சாதாரண விண்டோஸில் 2 ஜிபிதான் அதற்குக் கிடைக்கும். 2008இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்4 விண்டோஸிலும், 2010இல் சிஎஸ்5 மேக்கிலும் 64 பிட்டுக்கு வந்த பிறகு அந்தச் சுவர் இல்லை. எண்களும் எச்சரிக்கைகளும் மட்டும் அந்தச் சுவர் இருப்பது போலவே நடந்துகொள்கின்றன.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் போன்ற கருவிகளைப் பராமரிப்போருக்கும் ஒரு வார்த்தை. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்கள் வழியாக வந்த பல பதிப்புகளில், வரம்புகளை வைக்கும் பாலிசி கோப்பு நினைவகத்தை 256 எம்பி அளவில் நிறுத்தியிருக்கிறது. யாரோ அனுப்பும் படத்தைச் சர்வர் திறக்கும்போது அந்தப் பாதுகாப்பு அவசியம், மறுக்கவில்லை. ஆனால் சொந்தக் கணினியில் 32 ஜிபி ராமோடு உட்கார்ந்திருப்பவருக்கும் அதே வரம்பு. பெரிய படம் ஒன்றை மாற்றப் போனால் 'கேஷ் வளங்கள் தீர்ந்துவிட்டன' என்று நின்றுவிடுகிறது. எந்தக் கோப்பில், எந்த வரியில் மாற்ற வேண்டும் என்பதையும் அந்தப் பிழைச் செய்தியே சொல்லட்டும்.

ராம் முழுவதையும் அள்ளிக்கொள்ளச் சொல்லவில்லை. இயங்குதளத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் இடம் விடாவிட்டால், இயங்குதளமே ஸ்வாப்புக்குப் போய் எல்லாமே சேர்ந்து திணறும். ஃபோட்டோஷாப் இயல்பாக 70 சதவீதம் என்று வைத்து, ஸ்லைடர் பக்கத்தில் ஏற்ற வரம்பையும் காட்டுவது சரியான பழக்கம். நீங்கள் கேட்கும்போதும் அதே பக்கத்தில் நில்லுங்கள்: இப்போது இவ்வளவு ஒதுக்கியிருக்கிறது, இவ்வளவு காலியாக இருக்கிறது, இதுவரை கூட்டினால் ஆபத்தில்லை. 'ஆம்' என்று அழுத்தினால் மென்பொருளை மூடித் திறக்காமலேயே நடக்கட்டும். முடியாதென்றால் அடுத்த முறை திறக்கும்போது அமலாகும் என்றாவது சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் அந்த இடத்திலேயே சொல்லலாம். படத்தை மூடிய பிறகும் ஃபோட்டோஷாப் வாங்கிய ராமை உடனே திருப்பித் தராமல் கையில் வைத்திருக்கும். அடுத்த படத்துக்கு அதையே பயன்படுத்தும். அதைப் பார்த்து மெமரி கசிகிறது என்று பயந்து, ஒதுக்கீட்டை இன்னும் குறைக்கிறவர்கள் உண்டு. குறைத்தால் வேலை மேலும் மெதுவாகும். ஒரே ஒரு விளக்க வரி அவர்களைக் காப்பாற்றும்.

உங்கள் அடுத்த பதிப்பின் பட்டியலில் புதிய ஃபில்டர்களோடு இந்த ஒரு அறிவிப்பையும் சேருங்கள். சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டுமென்றால், லேயர் லேயராக அடுக்கிய கனமான கோப்புகளோடு நாங்கள் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மென்பொருள்களில் நாள்தோறும் வேலை செய்யும் ஒருவர்