மிளகு பற்றி உன்னிடம் சொல்லாமல் விட்டது

அன்புள்ள வசந்திக்கு,

நீ என்னிடம் விட்டுப்போன நாயைப் பற்றி, ஐந்து மாதமாக நீ "மிளகு எப்படி இருக்கான்" என்று கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கான்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டிருந்தேன். போட்டோ கேட்டால் அவன் தூங்குகிற போட்டோவாகப் பார்த்து அனுப்பினேன். நீ அப்போதே ஏதோ சந்தேகப்பட்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. போனில் சொன்னால் பாதியில் நீ அழுதுவிடுவாய், இல்லை நான் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

வீட்டில் எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பூங்கொடி டீச்சர் மகள் கல்யாணத்தில் உன்னை விசாரிக்காதவர் இல்லை. அந்தக் குடை விஷயத்தை யாரும் மறக்கவில்லை, நானே இன்னொரு தடவை எடுத்துவிட்டேன், அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள். நம்ம சேலத்துத் தட்டுவடை செட் அங்கே கிடைக்கவில்லை என்று நீ புலம்புவதைக் கேட்டால் திருப்பூர் ஏதோ கடல் தாண்டி இருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். பஸ் ஏறினால் மூன்று மணி நேரம்டி.

சரி. ஆடியில் மிளகு என்னைக் கடித்துவிட்டான்.

பதறாதே, ஆறிவிட்டது. இடது கெண்டைக்காலில் இரண்டு பல், ஆழமில்லை. உடனே சோப்புப் போட்டுக் குழாயடியில் 15 நிமிடம் கழுவினேன், அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொண்டேன், 0, 3, 7, 28ஆம் நாள் என்று கணக்கு வைத்து நான்கையும் முடித்துவிட்டேன். நீ கொடுத்தனுப்பிய கார்டில் அவனுடைய வெறிநோய் ஊசித் தேதி சரியாக இருந்தது, ஆனாலும் பத்து நாள் அவனைக் கவனிக்கச் சொன்னார்கள், கவனித்தேன். உடம்புக்கு இருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாரம் அவனை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று நான் ஒருவரிடம் பேசிவிட்டேன், வசந்தி. வாழப்பாடிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், காவலுக்குக் கட்டிப்போட நாய் வேண்டும் என்றார். ஏற்காட்டு வீட்டைக் காலி செய்த அன்று நீ அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவள் நான், அப்படியும் பேசினேன். உனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

எப்படி அங்கே வந்து நின்றது என்று சொல்கிறேன். மேலே ஏற்காட்டில் அவனுக்குக் காப்பிச் செடிக்கு நடுவே ஓடத் தெரியும், சவுக்கு மர நிழலில் தூங்கத் தெரியும், காட்டெருமை வாடைகூடப் பழக்கம். நாய் என்று பார்த்தால் பக்கத்து எஸ்டேட்டின் அந்தக் கிழட்டு ராணி ஒன்றுதான். கழுத்தில் கயிறே விழாதவன். அவனைக் கொண்டுவந்து கன்னங்குறிச்சித் தெருவில் நடக்கவிட்டால், எங்கள் வாசலிலிருந்து மூக்கனேரிக் கரை போவதற்குள் ஒன்பது தெருநாய், அது போகக் கேட்டுக்குப் பின்னால் நின்று குரைக்கிற மூன்று. முதல் வாரமே ஆரம்பித்துவிட்டான். தூரத்தில் ஒரு நாய் தெரிந்தால் போதும், உடம்பு விறைத்து, முதுகு மயிர் எழும்பி, பின்னங்காலில் நின்று பாய்வான். கழுத்து இறுகி இருமிக்கொண்டே குரைப்பான். தெருவே எட்டிப் பார்க்கும். "மேடம், நாயை அடக்கி வையுங்க" என்று சொல்லாதவர்கள் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா, நாய் பழக்குகிறவர் ஒருவரை வரவழைத்தேன். திமிர், அடக்கினால்தான் சரியாகும் என்றார். இழுத்தால் கழுத்தை இறுக்கும் இரும்புச் செயின் வாங்கச் சொன்னார், குரைத்தவுடன் வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டச் சொன்னார். இரண்டு நாள் அடங்கினாற்போல இருந்தான். அப்புறம் முன்பு முப்பதடியில் குரைத்தவன் தெருக்கோடியில் தெரிகிற நாய்க்கே குரைக்க ஆரம்பித்தான். ஆடிப்பண்டிகை வந்தது, மூன்று நாளாக மைக் செட், மேளம், வெடி, அவன் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன். டேங்க் முக்கில் அந்தச் செம்பட்டை நாய் திடீரென்று நேருக்கு நேர் வந்துவிட்டது. அவன் பாய, நான் செயினை இழுக்க, முழங்கால் மண்ணில் பட விழுந்தேன், அந்தக் கொதிப்பில் திரும்பி என் காலைப் பிடித்தான். பிடித்த அடுத்த நொடியே விட்டுவிட்டான். விட்டுவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு வாயை நக்கிக்கொண்டே இருந்தான். எனக்குக் கால் வலியைவிட அந்தப் பார்வைதான்...

வாழப்பாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முன் ஒருமுறை காட்டிவிடலாம் என்று வேறொரு மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போனேன், சின்ன வயசுப் பெண். முதலில் காது, பல், இடுப்பு எல்லாம் அழுத்திப் பார்த்தாள், எங்காவது வலி இருந்தால் சாதுவான நாய்கூடச் சள்ளென்று விழுமாம். வலி ஏதும் இல்லை. அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டு அரைமணி நேரம் பேசினாள். அவள் சொன்னதை இத்தனை நாளில் பலபேரிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம்தான் சொல்லவில்லை.

அவன் பயப்படுகிறான், வசந்தி. அத்தனை ஆர்ப்பாட்டமும் "கிட்ட வராதே" என்பதுதான். அவிழ்த்துவிட்ட நாய்க்குப் பயம் வந்தால் விலகி ஓடலாம், வளைந்து சுற்றிக்கொண்டு போகலாம். நாய்கள் தங்களுக்குள் மரியாதையாகச் சந்திப்பதே அப்படித்தானாம், பக்கவாட்டில் வளைந்து, நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு வருவது சண்டைக்குக் கூப்பிடுவதுபோல. நம்ம தெரு பன்னிரண்டடி அகலம், இரண்டு பக்கமும் பைக். எங்கே வளைவது? கயிறு கட்டியிருப்பதால் ஓடவும் வழியில்லை. அப்போது மிச்சம் இருப்பது ஒன்றுதான், கத்தி விரட்டுவது. கத்தினால் அந்த நாய் போய்விடுகிறது, இல்லை நான் அவனை இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன், எப்படியோ தூரம் கிடைத்துவிடுகிறது. கத்தினால் வேலை நடக்கிறது என்று ஒவ்வொரு நாளும் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். போதாததற்கு நாயைப் பார்க்கிறபோதெல்லாம் கழுத்தில் செயின் இறுகுகிறது. நாய் தெரிந்தால் வலி வரும் என்றே நான் பழக்கியிருக்கிறேன். அதைக் கேட்டபோது எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வாழப்பாடிக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செயினை மறுநாளே பழைய இரும்புக்காரரிடம் போட்டேன்.

முதல் பத்து நாள் தெருவுக்கே கூட்டிப் போகவில்லை. கொதித்துக்கொண்டே இருக்கிற உடம்பு ஆறட்டும் என்றாள். மொட்டை மாடியில் பழைய சாக்கு, அட்டைப்பெட்டி, தேங்காய் நார் எல்லாம் பரப்பி அதற்குள் தீனியை ஒளித்துவைத்தேன், மூக்கால் தேடித் தேடித் தின்பான். அரைமணி மோப்பம் பிடித்தால் ஒரு மைல் நடந்தவன் மாதிரி அசந்து தூங்குவான். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டை, கடையில் ஹார்னஸ் என்று கேட்டால்தான் தெரியும். மூன்று மீட்டர் கயிறு. கூடை மாதிரி இருக்கிற வாய்க்கவசமும் பழக்கினோம், உள்ளே தயிரைத் தடவி அவனே மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்து, மூன்று வாரம் ஆனது. அதைப் போட்டுக்கொண்டே மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். பார்ப்பவர்கள் ஐயோ பாவம் என்கிறார்கள், எனக்கு அது பெரிய நிம்மதி.

அப்புறம்தான் நிஜமான வேலை. விடிகாலை 4.45க்குக் கிளம்பி, ஏரிக்கரையில் அகலமான இடமாகப் பார்த்து நிற்போம். இடுப்பில் ஒரு பை, அதில் வேகவைத்த கோழி ஈரல், உப்பில்லாமல், வெங்காயம் பூண்டு படாமல், பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கியது. தூரத்தில் நாய் தெரியும். அவன் பார்ப்பான். பார்த்தவுடன் ஒரு ஈரல். நாய் மறையும்வரை ஒவ்வொன்றாக, மறைந்ததும் பை மூடிவிடும். வரிசை மாறக்கூடாது, முதலில் நாய், அப்புறம் ஈரல். முன்கூட்டியே ஈரலை நீட்டினால், ஓகோ ஏதோ வரப்போகிறது என்று ஈரலைப் பார்த்தே மிரளுவான். ஒருவாரம் நான் அதைத்தான் தப்பாகச் செய்துகொண்டிருந்தேன். தூரம்தான் எல்லாம். குரைத்துவிட்டானா, நாம் ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம், திட்டாமல் திரும்பிப் போய்விட வேண்டும். அதற்காக "திரும்பு" என்ற சொல்லுக்கு என்னோடு சுழன்று நடக்க வீட்டு ஹாலிலேயே பழக்கினேன், நாயே இல்லாத நேரத்தில், நூறு தடவை.

குரைப்பதற்கு முன்னால் அவன் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறான், எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. திறந்திருந்த வாய் டக்கென்று மூடும். தூக்கம் வராமலே கொட்டாவி. காது முன்னால் நிமிரும், வால் அசையாமல் கம்பிபோல நிற்கும். இப்போது வாய் மூடுகிறபோதே நான் திரும்பிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் அறுபது தப்படி தூரம் வேண்டியிருந்தது. புரட்டாசி முடிவில் முப்பது. ஒருநாள் காலை, மூன்று நாய்கள் கரையில் படுத்திருந்தன, மிளகு பார்த்தான், பார்த்துவிட்டுத் தானாகத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். எங்கே என் ஈரல் என்று! வசந்தி, நான் அந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலை நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் மயக்கமா அம்மா என்று ஓடிவந்தார்.

தீபாவளி வெடியில் பாதி போச்சு. மறுபடி ஐம்பது தப்படியிலிருந்து ஆரம்பித்தோம். இப்போது மார்கழியில் இருபதுக்கு வந்திருக்கிறோம், நல்ல நாளில் பதினைந்து. அவிழ்ந்து திரிகிற நாய்கள் நாம் சொன்ன தூரத்தில் நிற்குமா, அதுதான் தீராத கவலை. கிட்டே வந்தால் மிளகை என் பின்னால் விட்டு, அந்த நாய் பக்கம் ஒரு கை பிஸ்கட்டை வீசிவிட்டுத் திரும்பி நடக்கிறேன், பெரும்பாலும் தின்ன நின்றுவிடும். அந்தச் செம்பட்டைகூட, காது நுனி வெட்டியிருக்கிறது, கருத்தடை ஆனது, பாவம் அது தன் தெருவைக் காக்கிறது. அதன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

அவன் ராணி மாதிரி எல்லோரோடும் ஒட்டுகிற நாயாக ஆகமாட்டான் என்று டாக்டர் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். குட்டியில் மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரைக்குள் பார்த்துப் பழகியதுதான் ஆயுசுக்கும் சகஜமாக இருக்குமாம். அதனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவன் உன்னிடம் வரும்போது எத்தனை மாதம்? அதற்கு முன்னால் எங்கே இருந்தான், கட்டியா போட்டிருந்தார்கள்? ஏதாவது நாய் எப்போதாவது அவனை விழுந்து பிடுங்கியதா? வலது காதுக்குப் பின்னால் முடி முளைக்காத ஒரு கீறல் இருக்கிறதே, அது எப்படி வந்தது? ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுது, சின்ன விஷயமென்று விடாதே.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, அவசியம் வா. ஆனால் உன் பையன் வீட்டு லேப்ரடாரை இந்தத் தடவை கூட்டிவராதே, உனக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் வேண்டாம். ஒரு மோசமான சந்திப்பு எங்கள் ஒரு மாத வேலையைக் கலைத்துவிடும். கோடைக்குப் பார்க்கலாம், ஏற்காடு அடிவாரத்தில் அகலமான இடத்தில் இரண்டையும் தள்ளித் தள்ளி ஒரே திசையில் நடத்தித்தான் பழக்க வேண்டும், வீட்டு வாசலில் மூக்கோடு மூக்கு இல்லை. நீயும் கேட்டிலிருந்தே "மிளகூ" என்று கத்திக்கொண்டு வராதே. உள்ளே வந்து சோபாவில் உட்கார், அவனே மோந்து பார்த்து வரட்டும். உன் வாடை அவனுக்கு மறந்திருக்காது.

ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடு. விடிகாலை மூவரும் ஏரிக்கரைக்குப் போகலாம். ஈரல் பை என்னிடம் இருக்கட்டும், கயிற்றை நீ பிடித்துக்கொள், தொங்கத் தொங்கப் பிடி, இழுக்காதே.

உன்,
கலா