ஐந்து லிட்டர் இறங்கியது, மூன்றரைதான் ஏறியது

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை மாற்றியதிலிருந்து கார் ஹீட்டரில் சரியாகச் சூடு வரவில்லை என்று இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாய். அதற்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி: பழைய கூலன்ட் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இறங்கியது, புதுசு மூன்றரை லிட்டரிலேயே டேங்க் நிரம்பிவிட்டது, மிச்சம் கேனிலேயே இருக்கிறது. மிச்சமானதில் உனக்குச் சந்தோஷம் வேறு! கடிதம் முழுவதிலும் எனக்கு அந்த ஒரு வரி போதும். அந்த ஒன்றரை லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது காற்று உட்கார்ந்திருக்கிறது.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். எஞ்சினில் சூடான கூலன்ட் ஒரு ஹோஸ் வழியாக உள்ளே போய் இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. ஃபேன் அதன்மேல் காற்றை ஊதுகிறது. பல வண்டிகளில் கூலன்ட் ஓடும் பாதையிலேயே உயரமான இடங்களில் அதுவும் ஒன்று. காற்று மேலே ஏறி அங்கே தங்கிவிட்டால், ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, மெதுவாகச் சுற்றும் வாட்டர் பம்ப்பால் அதைத் தள்ள முடியாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பம்ப்பும் வேகமெடுத்து, கொஞ்சம் கூலன்டைத் தள்ளிவிடும். சிக்னலில் நின்றால் குளிர்காற்று, ஓட்டினால் வெதுவெதுப்பு என்று எழுதியிருந்தாயே, காரணம் இதுதான். வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குள் கேட்கிற சலசலப்பும் இதனால்தான்.

ஹீட்டர் கோரையே மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்களாமே. இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். பல வண்டிகளில் மொத்த டேஷ்போர்டையும் பிரித்தால்தான் அது கைக்கே வரும். பிரித்து மாட்டிய டேஷ்போர்டு அதற்குப் பிறகு எங்கேயாவது கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். கூலன்ட் மாற்றுவதற்கு முதல் நாள் வரை நன்றாகச் சூடு கொடுத்த கோர் அது. மாற்றும்போது பழைய துரு கிளம்பிப் போய் அடைப்பதும் உண்டுதான், ஆனால் அது இரண்டாவது சந்தேகமாக இருக்கட்டும். நீ கை வைத்தது கூலன்டில். முதலில் அங்கேயே தேடு.

இன்னொன்று, ஹீட்டர் வேலை செய்யாதது உனக்குக் குளிர் தொல்லை மட்டும்தான் என்று நினைக்காதே. காற்று எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டிலும் தங்கலாம். டெம்பரேச்சர் சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். அதைச் சுற்றி வெறும் காற்று இருந்தால், உள்ளே உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் சாதுவாக நடுவிலோ கீழேயோ நிற்கும். இப்படி அடைத்து நிற்கும் காற்றை, அதாவது ஏர் லாக்கை, எடுக்கும் வரை வெளியூர்ப் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

எடுப்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்கவே திறக்காதே. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், அப்போது பொங்கி முகத்தில் அடிக்கும். உனக்கு அவசரம் அதிகம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வண்டியின் முன்பக்கம் உயர்ந்து நிற்கிற மாதிரி ஒரு சரிவில் நிறுத்து. ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வை. ஹீட்டரை முழுச் சூட்டில் வை, சில வண்டிகளில் அப்போதுதான் கோருக்குப் போகும் வால்வு திறக்கும். ஃபேன் குறைவாக ஓடட்டும். கூலன்ட் ஊற்றும் வாயில் இறுக்கமாக உட்காரும் உயரமான புனல் கிடைத்தால் வாங்கிக்கொள். புனலில் பாதி வரை கூலன்ட் நின்றால், அதுதான் மொத்தப் பாதையிலும் உயரமான இடம். காற்று அங்கே வந்து வெளியேறும், அதே வழியில் கூலன்ட் இறங்கும். உன் வண்டியில் காற்று விடும் ஸ்க்ரூ இருக்கிறதா என்று மேனுவலில் பார். இருந்தால் பெரும்பாலும், சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் பக்கத்திலோ மேல் ஹோஸிலோ இருக்கும். ஊற்றும்போது அதைத் திறந்து வை, குமிழி இல்லாமல் சீராக ஒழுகியதும் மூடு. பிளாஸ்டிக்காக இருந்தால் பலம் காட்டாதே, உடைந்துவிடும்.

அப்புறம் எஞ்சினைக் கிளப்பி ஐடிலில் விடு. கொஞ்ச நேரத்துக்குப் புனலில் பொடிக் குமிழிகள் மட்டும் வரும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் ஆறியே இருக்கும். தெர்மோஸ்டாட் பொதுவாக 80லிருந்து 90 டிகிரிக்குள் திறக்கும். திறந்ததும் அந்த ஹோஸ் சட்டென்று சூடாகும். பார்க்க வேண்டிய காட்சி அதற்குப் பிறகுதான். அசையாமல் நிற்கிற கூலன்ட் லேசாகப் பொங்கும், பெரிய குமிழி ஒன்று குபுக்கென்று வந்து வெடிக்கும், புனலில் மட்டம் விரலளவு இறங்கிவிடும். ஊற்று. மறுபடி காத்திரு. தடிமனான கையுறை போட்டுக்கொண்டு மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்திவிட்டால் ஒளிந்திருக்கிற காற்றும் நகரும். ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பிக்கும், கையையும் சட்டையையும் தள்ளியே வை. ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்று, குமிழியும் ஓய்ந்து, ஹீட்டரிலிருந்து நல்ல சூடு வந்தால் அணைத்துவிடு. முழுக்க ஆறிய பிறகு மூடியைப் போடு. மறுநாள் காலையில் மட்டம் மறுபடி கொஞ்சம் இறங்கியிருக்கும். பயப்படாமல் குறி வரைக்கும் ஊற்று.

இவ்வளவுக்குப் பிறகும் குளிர்காற்றுதான் என்றால், எஞ்சின் சூடாக இருக்கும்போது கோருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார். இரண்டுமே சூடு என்றால் கூலன்ட் ஓடுகிறது. கோளாறு டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் கதவிலோ அதன் மோட்டாரிலோ இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் வால்வு திறக்கவில்லை, இல்லையென்றால் கோரில் அடைப்பு. அடைப்பு என்றால் குறைந்த அழுத்தத்தில் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவிப் பார்க்கலாம். இரண்டுமே ஆறியிருந்து, முள்ளும் கீழேயே நின்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட்டையும் மாற்றினாயா என்று நீ எழுதவில்லை. மாற்றியிருந்தால், அதில் காற்று போகச் சின்ன ஓட்டையோ ஆடுகிற ஊசியோ இருக்கும், அது மேல்பக்கம் இருக்கிற மாதிரி மாட்ட வேண்டும்.

குமிழி ஓயவே இல்லை, ஊற்ற ஊற்றக் கூலன்ட் குறைகிறது, புகைக்குழாயில் வெள்ளைப் புகை என்றால் எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போது நீயாக எதுவும் செய்யாமல் நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடு.

மிச்சமிருக்கும் கேனில் இருப்பது ரெடி மிக்ஸா, தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்டா என்று லேபிளைப் பார். கான்சன்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்தே ஊற்று. கெட்டியாக இருந்தால் நல்லது என்று தோன்றும், ஆனால் கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும், பாதிக் கலவை மைனஸ் 37 வரை தாங்கும். சூட்டைக் கடத்துவதிலும் கலவைதான் மேல். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று நம்பாதே. இறக்கிய பழைய கூலன்டைத் திறந்த தொட்டியில் வைத்திருக்கிறாய் என்றால் இன்றே மூடு. அது இனிப்பாக இருக்கும், உன் நாய் நக்கிவிட்டால் கொஞ்சமே போதும், உயிருக்கே ஆபத்து. சாக்கடையிலும் கொட்டாதே.

இங்கே பெரிய செய்தி இல்லை. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன் கோழிக் கிறுக்கல்கூட இப்போது புரிகிறது. சேகர் ரிடையராகிவிட்டான். வந்த பணத்தில் கார் வாங்குவான் என்று பார்த்தால், இருந்த காரையும் விற்றுவிட்டுப் பஸ்ஸில் போய்வருகிறான். ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறானாம். வீடும் மாறிவிட்டான், உன்னிடம் பழைய முகவரிதான் இருக்கும். புதுசை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ரவி