நீலகிரி மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி, ஊட்டி மருந்துக்கடைகளில் நிற்கும் அனைவருக்கும் வணக்கம்.

தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முன் ஓடிவரும் தாய் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைக்குப் பேதி நிற்க ஏதாவது கொடுங்கள்." ஆஸ்பத்திரிக்கு விடிந்த பிறகுதான் போக முடியும் என்றால், அந்த இரவுக்கு நீங்கள் சொல்வதுதான் வைத்தியம். ஆட்சியருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

பேதியை நிறுத்தும் லோபரமைடைக் குழந்தைக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். உயிரைப் பறிப்பது உடம்பிலிருந்து வடிந்துபோகும் நீரும் உப்பும். குளுக்கோஸ் சேர்ந்தால், பேதியின்போதும் குடல் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். உப்பும் குளுக்கோஸும் தண்ணீரில் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் வேலை செய்வது இப்படித்தான். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை நோயாளிகளின் உறவினர் கையாலேயே கொடுக்க வைத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பழச்சுவைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய சரக்கு மிச்சமிருந்தால் இறக்கிவிடுங்கள். சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும்.

அளவுதான் பெரிய தலைவலி. ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை (நல்ல தடைதான்). ஆனால் லிட்டரை அளக்கப் பல வீடுகளில் வேறு பாத்திரமும் இல்லை. ஒரு சொம்பு நீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் உப்பு மிகுந்து கேடாகும். 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களை வாங்கி வையுங்கள். கூடவே ஓர் அளவுக்குவளையும் கொடுங்கள். ஆண்டுதோறும் நீங்கள் தரும் நாட்காட்டியைவிட அது உதவும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால், கொதி வந்தபின் மூன்று நிமிடம் விட்டு ஆறவைக்கச் சொல்லுங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது.

இரண்டு வயதுக்குள் என்றால், ஒவ்வொரு முறை போனபின்பும் 50 முதல் 100 மில்லி கரைசல், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குள் 10. பேதி நின்றாலும் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

வயிற்றைக் காயப்போடச் சொல்லும் பாட்டிமார்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. தாய்ப்பால் நிற்கவே கூடாது. சோறு உண்ணத் தொடங்கிய பிள்ளைக்குக் குழைந்த பருப்புச் சோறு, இட்லி, கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை.

கண் குழிந்து, துவண்டு, குடிக்கவும் முடியாமல் கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108ஐ உங்கள் தொலைபேசியிலிருந்தே அழைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பந்தலூர் வாசி ஒருவர்