முதலில் கழிவறைப் பூட்டைத் திறங்கள், அப்புறம் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கும் தலைமையாசிரியை அவர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நம் பள்ளியில் நடந்த உடல்நல முகாமைப் பற்றி எழுதுகிறேன். நடந்தது உங்களுக்கே தெரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக மெஷின் மேல் ஏற்றி, எடை, கொழுப்புச் சதவீதம் என்று வந்ததையெல்லாம் வகுப்பே கேட்கும்படி வாசித்து, கையில் ஓர் அட்டையும் கொடுத்து அனுப்பினீர்கள். என் மகளின் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருப்பது இது: ‘கொழுப்பு அதிகம். எடை குறைய தினமும் 4 லிட்டர் தண்ணீர் குடிக்கவும்.’

குடிக்கட்டும். குடித்துவிட்டு எங்கே போவாள், மேடம்?

காலை ஏழரைக்கு வேன் ஏறுகிற பிள்ளை, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு வர ஆறு மணி ஆகிறது. மாணவிகள் கழிவறையை இன்டர்வெல்லிலும் சாப்பாட்டு நேரத்திலும் மட்டும்தான் திறக்கிறார்கள். வரிசையில் நின்று முறை வருவதற்குள் பெல் அடித்துவிடுகிறது. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தோழி யாராவது வெளியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வகுப்பு நடுவில் கேட்டாலோ, “இன்டர்வெல்லில் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்?” என்று பையன்கள் முன்னால் விசாரணை. அதனால் பெண் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் அப்படியே வீடு திரும்புகிறது. மாதவிடாய் நாட்களில் என் மகள் காலையில் காபிகூட வேண்டாம் என்கிறாள். சிறுநீர்த் தொற்றுக்காக அவள் போட்ட லீவ் லெட்டர் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கும்.

அந்த மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கொழுப்பை நேரடியாக எடை போடுவதில்லை. பாதத்தின் வழியே லேசாக மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. தசையில் முக்கால் பங்கு நீர், அதனால் மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு, தடை அதிகம். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வறண்டுபோன உடம்பிலும் தடை கூடும், அதையும் மெஷின் கொழுப்பு என்றே காட்டக்கூடும். ஆக, மெஷின் காட்டிய அந்தச் சதவீதத்தில் என் மகளின் கொழுப்பு எவ்வளவு, உங்கள் கழிவறைப் பூட்டு எவ்வளவு?

போதாததற்கு, பையன்களையும் பெண்களையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள். பருவ வயதில் பையனுக்குத் தசை கூடும், பெண்ணுக்குக் கொழுப்பு கூடும், அதனால் அவள் உடம்பில் நீரின் பங்கும் குறைவாகத்தான் இருக்கும். இது நோயில்லை. உங்கள் பள்ளி உயிரியல் ஆசிரியையைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

நான்கு லிட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் புரியவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொன்ன அளவு, 14 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். அதுவும் சாப்பாட்டிலிருந்து வருவதையும் சேர்த்து. நம் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும், சரி. ரசமும் மோரும் அதில் சேர்த்திதான். ஆனால் தண்ணீர் கொழுப்பைக் கரைக்கும் மருந்தில்லை. பெரும்பாலும் சர்க்கரை பானம் போகிற இடத்தில் தண்ணீர் போனால்தான் எடையில் பலன். நியூயார்க் அரசுப் பள்ளி உணவுக்கூடங்களில் குளிர்ந்த குடிநீர் இயந்திரங்கள் வைத்தபோது மாணவர்களின் உடல் எடைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்ட எடை, பிஎம்ஐ) குறைந்தது, ஆனால் சிறிதளவுதான் என்று 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் கேன்டீனிலோ கோலா பாட்டில் கண்ணுக்கு நேராக அடுக்கியிருக்கிறது. கால் லிட்டரில் 26 கிராம் சர்க்கரை. அதை விற்றுவிட்டு அட்டையில் சிவப்பு மையால் எழுதுவது நல்ல வியாபாரம்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டி அடிக்கும் மணி, கேரளம் 2019இல் தொடங்கிய ‘வாட்டர் பெல்’, 2025இல் நம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நம் பள்ளியிலும் மணி தவறாமல் அடிக்கிறது, படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறீர்கள். பிள்ளைகள் பாட்டிலைத் தூக்கி உதட்டில் வைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆண்டு விழாவுக்கு எல்இடி திரை உண்டு, ரிசப்ஷனுக்கு ஏசி உண்டு, டெவலப்மென்ட் ஃபீஸ் வருடாவருடம் உண்டு. தாழ்ப்பாளுக்கு மட்டும் பட்ஜெட் இல்லை போலிருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான். கழிவறையைப் பள்ளி நேரம் முழுவதும் திறந்து வையுங்கள். கேட்கிற பிள்ளையைக் காரணம் கேட்காமல் அனுப்பும்படி ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை விடுங்கள். எடையைச் சத்தமாக வாசிப்பதை நிறுத்தி, அந்த அட்டைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கோலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மோர் வைத்தால் இன்னும் நல்லது. சுத்தம் செய்ய ஆள் போதவில்லை என்பதுதான் காரணமென்றால் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள், செலவைப் பேசிக்கொள்ளலாம். ஆனால் அதுவரை பூட்டி வைக்காதீர்கள்.

திங்கட்கிழமை அசெம்பிளியிலேயே இதை அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா