ஆர்டர் கூட்டிய மனிதர்கள்: திருப்பூர் பின்னலாடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பின்னலாடை உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

முதலாளித்துவம் மனிதரைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்று மேடைகளில் ஓயாமல் வாதாடுகிறார்கள். உங்கள் பனியன் கம்பெனியின் தையல் லைன் ஒன்றைப் பார்த்தாலே அதற்குப் பதில் கிடைத்துவிடும். சந்தை உண்மையாகவே மனிதரைச் சேர்க்கிறது. எதுவரை சேர்க்கிறது, எந்த இடத்தில் கையை விடுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

முதலில் நல்லதைச் சொல்கிறோம். வட்டக் கழுத்து டி-ஷர்ட் ஒன்று லைனில் எப்படி நகர்கிறது? துணி ஓரம் பிரியாமல் தைக்கும் முதல் ஓவர்லாக் மெஷினில் இருப்பவர் ஷோல்டரை மூட்டுகிறார். அடுத்தவர் கழுத்தில் ரிப் எனும் நீளும் பட்டையை ஏற்றுகிறார். பிறகு கழுத்து டேப், கை ஏற்றுவது, பக்கவாட்டுத் தையல், கடைசியாக மடிப்புத் தைக்கும் ஃபிளாட்லாக் மெஷினில் கை மடிப்பும் அடி மடிப்பும். ஷோல்டர் மூட்டுபவர் துணியைக் கால் இன்ச் கூடுதலாகப் பிடித்துவிட்டால் கழுத்துச் சுற்றளவு குறைந்துவிடும். அளவெடுத்து வெட்டிய ரிப் அதில் உட்காராமல் சுருங்கும். அதைக் கழுத்துக்காரர்தான் முதலில் பார்ப்பார். ஷோல்டர்காரர் பிகார்காரராகவும் கழுத்துக்காரர் சேவூர்ப் பெண்ணாகவும் இருக்கலாம். பொது மொழி இல்லை. பீஸைத் தூக்கிக் காட்டி, விரல் நுனியால் தையலோரத்தைத் தொட்டு, ‘இவ்வளவு போதும்’ என்று சைகை காட்டுகிறார். அந்தச் சைகை புரியாவிட்டால் லைனில் உள்ள முப்பது பேருக்கும் அன்றைய கணக்கு விழும். ஒருவரின் கைத்திறமை மற்றவரின் கூலியாகும் இந்த ஏற்பாட்டைச் சாதிக் கட்டுப்பாடோ மத போதனையோ கொண்டுவரவில்லை. ஆர்டரும் ஷிப்மெண்ட் தேதியும் கொண்டுவந்தன.

இந்த ஊரின் தொழிலே அப்படி வளர்ந்ததுதான். 1920-களில் கல்கத்தாவில் இருந்து மெஷின் வாங்கிவந்து இங்கே பனியன் பின்னத் தொடங்கியவர்கள் இஸ்லாமியர்கள். அவர்களுக்குப் பின்னால் நிலத்தை விட்டு வந்த கவுண்டர்கள் தொழிலைப் பெருக்கினார்கள். 1978-ல் இத்தாலியில் இருந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்க வந்தவர் ஏற்றுமதிக்கு வழி திறந்தார். இன்றும் பல லட்சம் ரூபாய்த் துணி ஒரு டெலிவரி சலானை மட்டும் நம்பி, துணி பின்னும் நிட்டிங்கில் இருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து துணி பின்னால் சுருங்காதபடி அமுக்கும் காம்பாக்டிங்குக்கும் போகிறது. போனில் சொன்ன ரேட்டுக்கு வேலை முடிகிறது. சொல்லைக் காப்பாற்றாதவருக்கு அடுத்த துணி ரோல் வராது. வியாபாரம் பழக்கிய இந்த ஒழுக்கத்தை நாங்கள் மதிக்கிறோம்.

அதைவிடப் பெரிய நன்மை சுற்றுவட்டார கிராமங்களில் நடந்தது. முன்பணம் வாங்கி ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் கம்பெனி வேன் ஏறினார்கள். நிலம் வைத்திருந்த தோட்டக்காரர் வீட்டு வாசலில் நின்று கூலி கேட்டவர்களின் மகள், சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறாள். ஒரு கம்பெனி பிடிக்காவிட்டால் அடுத்த கம்பெனி இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்க முடிவது மானத்தின் முதல் படி. அதைக் கொடுத்தது கூலிச் சந்தை. அதை மறைத்துவிட்டு உங்களை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் லைனில் கூடுகிற அந்த நெருக்கம் கம்பெனி வாசலோடு நின்றுவிடுகிறது. 2018-ல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் மறித்தார்கள். சுற்றியுள்ள ஊர்களில் இருந்து தினமும் கம்பெனி வேன் போய்வருகிற பகுதி அது. ஒரே லைனில் உட்கார்ந்து தைப்பது ஒரே அடுப்பில் சமைத்ததை உண்ணும் மனதைத் தானாகக் கொடுத்துவிடவில்லை. வாடகை வீடு கேட்டுப் போகிறவரிடம் இன்றும் ‘நீங்க எந்த ஆளுங்க?’ என்றுதான் முதல் கேள்வி வருகிறது.

2023 மார்ச்சில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பியவர்களோடு பயந்து கிளம்பியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிகாரில் இருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் போனது. காவல்துறை இந்தியில் பேசி நம்பிக்கையூட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. பல வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்களை செல்போனில் வந்த பொய் ஒரே வாரத்தில் ரயில் ஏற்றியது. ரேட், பீஸ், டேமேஜ் என்ற மூன்று சொற்களைத் தாண்டி அவர்களிடம் நாம் எதுவும் பேசிப் பழகாததன் விலை அது.

சந்தையின் அடுத்த எல்லை, பில்லில் பெயர் இல்லாதவரை அது பார்ப்பதே இல்லை என்பது. ஒரு கிலோ காட்டன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற துணி ஒன்றுக்குத் தண்ணீர் எட்டு என்ற கணக்கில் எட்டு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 480 கிராம் உப்பு. அந்த ஒரு கிலோவில் வரும் ஐந்து டி-ஷர்ட்டுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. சாயத்தில் பெரும்பகுதி துணியில் நிற்கும். உப்பு நிற்காது, தண்ணீரோடு வெளியேறும். வாங்குபவர், விற்பவர், சாயப்பட்டறைக்காரர் மூவருக்கும் ரேட் கட்டுப்படியானது. நொய்யல் கரையில் கிணறு வைத்திருந்த விவசாயி அந்த ரேட்டில் எங்கும் இல்லை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானது. கீழ்மடை விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவு வெளியேறாத சுத்திகரிப்பு நிலைத்தது. இன்று தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் வைத்து அதே உப்பை மீட்டு மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள். முடியாது என்று சொன்ன வேலை முடிந்தது. முடியச் செய்தது சந்தையா? வெளியில் இருந்து வந்த கட்டளை. கட்டளை வந்த பிறகு அதைக் குறைந்த செலவில் செய்து காட்டியது சந்தை. இந்த வரிசையை மறக்க வேண்டாம். கீழே நாங்கள் கேட்பதெல்லாம் இதே வரிசையில்தான் வருகிறது.

மூன்றாவது எல்லை, நஷ்டம் வரும்போது யார் தலையில் விழுகிறது என்பது. 3,000 பீஸ் கொண்ட ஒரு தொகுதியை, அதாவது லாட்டை, எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 அளவுகோலில் பார்க்கும் இன்ஸ்பெக்டர் 125 பீஸ் எடுப்பார். ஏழு பெரிய குறை வரை லாட் பாஸ். எட்டாவது கிடைத்தால் மொத்த லாட்டும் ஃபெயில். 3,000 பீஸையும் பிரித்து, மறுபடி செக்கிங், ஆல்டர் (குறையைத் திருத்தித் தைப்பது), அயர்னிங், பேக்கிங். அந்த எட்டாவது பீஸ் ஊசி ஓட்டையாக இருக்கலாம், அது லைனின் பிழை. நிட்டிங் மெஷினில் விழுந்த எண்ணெய்க் கறையாக இருக்கலாம். உடம்பை ஒரு ரோலிலும் கையை இன்னொரு ரோலிலும் வெட்டியதால் வந்த ஷேடு (நிற) வித்தியாசமாகவும் இருக்கலாம். கடைசி இரண்டுக்கும் டெய்லர் பொறுப்பில்லை. ஆனால் பீஸ் ரேட்டில் தைப்பவரை அழைத்து ஆல்டரைச் சும்மா முடித்துத்தரச் சொல்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. வெட்டிய துணிக் கட்டோடு போகும் பண்டில் சீட்டில் ரோல் நம்பர் எழுதாமல் விடுவதுதான் இதற்கு முதல் காரணம். குறை எங்கே பிறந்தது என்று காட்ட அப்புறம் ஆதாரம் இருக்காது. ஆதாரம் இல்லாத இடத்தில் குரல் குறைந்தவர்தான் பழி ஏற்பார்.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் ஒரு சீட்டு. கட்டிங் பண்டில் லைனுக்குள் போகும் முன்பு, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ரேட்டைத் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் எழுதி லைன் தலைப்பில் ஒட்டுங்கள். பண்டில் சீட்டில் ரோல் நம்பரும் ஷேடு எழுத்தும் இருக்கட்டும். துணிக் குறைக்கான ஆல்டருக்குத் தனி ரேட் கொடுங்கள். ரேட் போடுவதில் நடக்கும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சாம்பிள் டெய்லர் தைத்த நேரத்தை வைத்து ரேட் கட்டுகிறார்கள். கம்பெனியிலேயே வேகமான கை அவருடையது. நடுத்தரமான ஒருவரைக் கொண்டு ஒரு டஜன் தைக்கச் சொல்லி, முதல் மூன்று பீஸைக் கழித்துவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுங்கள். பட்டன் பட்டி, பைப்பிங் வைத்த மாடலுக்கு இது கண்டிப்பாக வேண்டும். ‘அப்புறம் பேசிக்கலாம்’ என்று தொடங்கிய ரேட் சனிக்கிழமை சண்டையில்தான் முடியும்.

இரண்டாவது, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. எண். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்ற ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா விழுந்தால்தான் உடல்நலமில்லாத நாட்களுக்கு 70 விழுக்காடு ஊதியம் கிடைக்கும். கம்பெனி மாறி வரும் தொழிலாளியிடம் பழைய எண்ணைக் கேட்காமல் கான்ட்ராக்டர் புது எண் போட்டால், 50 நாள் ஓர் எண்ணிலும் 45 நாள் இன்னோர் எண்ணிலும் நிற்கும். மொத்தம் 95 நாள் உழைத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. பி.எஃப்.-லும் இதே கதை. ஆதாரில் உள்ள பெயரும் பி.எஃப். கணக்கு எண்ணான யு.ஏ.என்.-ல் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினால் பணம் நிற்கும். இந்திப் பெயர்களை இங்கே காதில் விழுந்தபடி தட்டச்சு செய்வதால் இது அதிகம் நடக்கிறது. சேரும் நாளிலேயே ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க பத்து நிமிடம் ஆகும். கான்ட்ராக்டர் பில்லோடு அந்த மாத சந்தா சலானும் பெயர்ப் பட்டியலும் இருந்தால்தான் பணம் என்று வைத்துவிடுங்கள். இதற்கு மேல் கண்காணிப்பு தேவைப்படாது.

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமானது. ஆர்டர் அறுந்துபோகும் காலம். 2020-ல் பொதுமுடக்கத்தில் அறுந்தது. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்க வரி 50 விழுக்காடானபோது தள்ளுபடி கேட்டு மெயில்கள் வந்தன. ஆர்டர் சேர்த்தவர்களை ஆர்டர் நின்றதும் சந்தை பிரித்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களைத் தாண்ட ஒரு நிதி வேண்டும். நூறு பேர் வேலை செய்யும் கம்பெனியில் நாளுக்கு 2,000 பீஸ், மாதம் 25 நாள் என்று கணக்கிட்டால் 50,000 பீஸ். விலைக் கணக்கு போடும் காஸ்டிங் சீட்டில் பீஸுக்கு ஒரு ரூபாய் தனி வரியாக எழுதுங்கள். பத்து மாதத்தில் ஐந்து லட்சம். ஆளுக்கு 5,000 ரூபாய், ஷிப்டுக்கு 500 என்றால் பத்து ஷிப்டுச் சம்பளம். 200 ரூபாய் டி-ஷர்ட்டில் அது அரை விழுக்காடு.

இந்த நிதி எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். நூல் விலை ஏறும் மாதத்தில் ‘கொஞ்ச நாளைக்கு’ என்று முதலாளியே எடுத்துவிடுவார். அதனால் தனி வங்கிக் கணக்கு, கம்பெனி, தொழிற்சங்கம், லைனில் ஒருவர் என்று மூன்று கையெழுத்து. எப்போது கொடுப்பது என்பதிலும் வாக்குவாதம் வரும். தொடர்ந்து இரண்டு வாரம் வாரத்துக்கு நான்கு ஷிப்டுக்குக் குறைந்தால் மூன்றாவது சனிக்கிழமை பட்டுவாடா என்று முன்பே எழுதிவிடுங்கள். டெய்லருக்குத் துணைநிற்கும் கைமடி, டேமேஜ் பார்ப்பவர், அடுக்கிக் கட்டுபவர் ஆகியோருக்கும் டெய்லருக்கும் ஒரே தொகை. வேலை நிற்கும் வாரத்தில் பசிக்கு கிரேடு கிடையாது.

துணி வாங்கும் வெளிநாட்டு பையர் இந்த ஒரு ரூபாயை ஒத்துக்கொள்வாரா என்று கேட்பீர்கள். தனித்தனியாகப் போனால் மாட்டார். அடுத்த கம்பெனியின் ரேட்டைக் காட்டுவார். சங்கமாக எல்லோர் காஸ்டிங்கிலும் ஒரே வரியாக வந்தால் காட்ட அவரிடம் ரேட் இருக்காது. பங்களாதேஷ் ரேட்டைக் காட்டலாம். ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு ரூபாய் முடிவை மாற்றுமளவு பெரிதில்லை. பிராண்டுகளையும் எழுத்தில் கட்டிப்போட முடியும் என்பதற்கு 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்ட தொழிற்சங்கம், ஏற்றுமதி நிறுவனம், வெளிநாட்டு பிராண்டு ஆகியவை பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஒரே ஏற்பாட்டுக்குள் வந்தன. லைனிலேயே பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் கண்காணிக்க அது ஏற்பாடு செய்தது. அதன் உடன்படிக்கை மாதிரியை வாங்கிப் படியுங்கள்.

கடைசியாக, வெளியே கூலிக்கு வேலை முடித்துக் கொடுப்பவர்களுக்குத் தர வேண்டிய ஜாப் ஒர்க் பாக்கி. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால், பணம் கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. உடனே, சிறு நிறுவனம் என்று காட்டும் அரசுப் பதிவையே குறிவைத்து, ‘உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா’ என்ற பேச்சும் கிளம்பியது. பவர் டேபிள் எனும் சிறு தையல் கூடம் வைத்திருப்பவருக்கு மூன்று மாதம் கழித்து செக் கொடுத்தால், அவர் வட்டிக்கு வாங்கித்தான் சனிக்கிழமை சம்பளம் போடுவார். அந்த வட்டியைப் பீஸ் ரேட்டில்தான் பிடிப்பார். அப்படிப் பேசும் உறுப்பினரைக் கூப்பிட்டுக் கண்டிக்கும் அதிகாரம் உங்கள் சங்கத்துக்கு இருக்கிறது.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுகிறீர்கள். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தைக் கண்ட ஊர் இது. பேசித் தீர்க்கும் அந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. அடுத்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக ரேட் சீட்டு, சந்தா சரிபார்ப்பு, ஆர்டர் இல்லாத கால நிதி, 45 நாள் பட்டுவாடா ஆகிய நான்கையும் வையுங்கள். பேச்சுவார்த்தைக்கு வரும் தொழிலாளர் தரப்பில் இந்தியோ ஒடியாவோ பேசும் ஒருவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பின்னலாடைத் தொழிலில் காஸ்டிங், சம்பளக் கணக்கு, தொழிலாளர் நலம் பார்ப்போர் சிலர்